எண்ணெய்ப் புட்டியில் "எஸ்பிஎஃப் 30" என்று லேபிள் ஒட்டலாமா? (ராஸ்பெர்ரி, கேரட் விதை, புங்கன்…)

#1 கொங்குச்சோப்பு

எல்லோருக்கும் வணக்கம். கோபி பக்கம் வீட்டிலேயே சோப்பு காய்ச்சி விற்கிறேன், நான்கு வருஷமாக. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், கொஞ்சம் இலுப்பை. இந்தக் கோடையில் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள்: "கெமிக்கல் இல்லாத சன்ஸ்கிரீன் இருக்குங்களா?"

எனக்கு எண்ணெய் சப்ளை செய்பவரிடம் கேட்டேன். ஒரு பட்டியல் அனுப்பினார். ராஸ்பெர்ரி விதை எண்ணெய் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று காட்டும் எண்) 28 முதல் 50. கேரட் விதை எண்ணெய் 38 முதல் 40. கோதுமை முளை எண்ணெய் 20. ஆலிவ் 8, தேங்காய் 7. புங்கன் எண்ணெய்க்கு எண் போடாமல் "முழுப் பாதுகாப்பு" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

இவற்றை எல்லாம் கலந்து தேன்மெழுகு சேர்த்து டப்பாவில் அடைத்தால் "இயற்கை சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30" என்று எழுதலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ராஸ்பெர்ரி எண்ணெயின் விலையைக் கேட்டதுமே தலை சுற்றியது, அது வேறு. புங்கன் எண்ணெய் மட்டும் அவசரப்பட்டு 5 லிட்டர் வாங்கிவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தாழங்குடை

தாராளமாகச் செய்யுங்கள் அம்மா. நம் பாட்டிமார் எந்த சன்ஸ்கிரீன் பூசினார்கள்? நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய்தான். தோல் பளபளவென்று இருந்தது. இந்த எஸ்பிஎஃப் எல்லாம் வெள்ளைக்காரத் தோலுக்காக வந்த கணக்கு.

#3 வெயில்வாசி

நான் மருந்து கம்பெனி ரெப். பகல் முழுக்க பைக்கில்தான் பிழைப்பு. போன வருஷம் ஒரு யூடியூப் அக்கா சொன்னதைக் கேட்டு ஏப்ரல், மே இரண்டு மாதமும் காலையில் முகத்துக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனேன். பலன்: சட்டைக் கைக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். பைக் புகையும் தூசியும் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஹெல்மெட்டுக்குள் எண்ணெய் வழிந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

#4 குடுவைக்காரன்

அழகுப் பொருள் தயாரிப்பில் ஃபார்முலேஷன் வேலை பார்க்கிறேன், 11 வருஷம். இந்தப் பட்டியலை மாதம் ஒருவராவது எனக்கு அனுப்புகிறார்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எஸ்பிஎஃப் எப்படி வருகிறது என்று பார்ப்போம். குறைந்தது 10 பேர் முதுகில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் க்ரீமைப் பூசி, சூரிய ஒளியைப் போன்ற விளக்கின் கீழ் வைப்பார்கள். பூசாத தோல் எத்தனை கதிரில் சிவக்கிறது, பூசிய தோல் எத்தனை கதிரில் சிவக்கிறது? இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவதுதான் எஸ்பிஎஃப். அதற்கான ஐஎஸ்ஓ 24444 என்ற தர முறையும் மனிதத் தோலை வைத்துத்தான்.

உங்கள் பட்டியலில் உள்ள ராஸ்பெர்ரி எண் அப்படி வந்ததில்லை. 2000இல் கனடாவைச் சேர்ந்த ஒரு குழு "ஃபுட் கெமிஸ்ட்ரி" இதழில் ராஸ்பெர்ரி விதை எண்ணெயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியது. அந்த எண்ணெயில் என்னென்ன கொழுப்பு அமிலம், எவ்வளவு வைட்டமின் ஈ என்பதுதான் கட்டுரையின் பெரும்பகுதி. போகிற போக்கில், எண்ணெய் வழியாக எவ்வளவு புற ஊதா ஒளி கடக்கிறது என்று கருவியில் அளந்து, அது சன்ஸ்கிரீனில் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு கலவைகளை ஒத்திருக்கிறது என்றார்கள். 28 முதல் 50 வரை என்பது அந்த டைட்டானியம் கலவைகளின் எஸ்பிஎஃப். எண்ணெயை யார் தோலிலும் பூசிப் பார்க்கவில்லை. "இது அதைப் போல இருக்கிறது" என்ற ஒரு வரி, கை மாறிக் கை மாறி, "இதன் எஸ்பிஎஃப் 50" ஆகிவிட்டது.

கேரட் கதை இதைவிடக் கூத்து. ஆய்வில் அளந்தது மூலிகைச் சாறுகள் சேர்த்த கடை க்ரீம்களை. கேரட் சேர்ந்த க்ரீமுக்கு நல்ல எண் வந்ததும் பெருமையைக் கேரட் விதை எண்ணெய்க்குக் கொடுத்துவிட்டார்கள். க்ரீமில் வேறு என்னென்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. இன்னொன்று: கேரட் விதை எண்ணெய் என்று விற்பது ஆவியில் வடித்த வாசனை எண்ணெய். கேரட்டின் ஆரஞ்சு நிறச் சத்து அதில் கிடையாது.

#5 டொரன்டோ_பனங்காய்

ராஸ்பெர்ரி ஊரிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே ஜாமும் ஜூஸும் செய்த பிறகு மிஞ்சும் விதையிலிருந்துதான் இந்த எண்ணெய் எடுக்கிறார்கள். நான் ஒரு சின்னப் போத்தல் வாங்கி ஜன்னலோரம் வைத்தேன். கொஞ்ச நாளில் பழைய வடைச்சட்டி மணம் வந்துவிட்டது. வெயிலைத் தடுக்கிற எண்ணெய் வெயிலிலேயே கெட்டுப்போனால் என்ன செய்கிறது அண்ணை?

#6 குடுவைக்காரன்

மிகச் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ராஸ்பெர்ரி எண்ணெயில் லினோலிக் அமிலம் மட்டும் சுமார் 54 சதவீதம், ஆல்ஃபா லினோலெனிக் 29 சதவீதம். இரண்டும் ஒளியும் காற்றும் பட்டால் சீக்கிரம் சிக்குப் பிடிக்கிற வகை. திராட்சை விதை, ரோஸ்ஹிப் எல்லாம் இதே குடும்பம். முகத்தில் மெல்லியதாகப் பூசி மதிய வெயிலில் நிற்பது அந்த எண்ணெயை வேகமாகக் கெடுக்கும் வழி. கெட்ட எண்ணெயில் உண்டாகும் பெராக்சைடுகள் தோலுக்கு எரிச்சல் தரக்கூடியவை.

#7 கொங்குச்சோப்பு

அண்ணா, அப்போ தேங்காய் எண்ணெய்க்கு 7 என்பதாவது உண்மையா? அது நம் நாட்டு ஆய்வு என்று படித்தேன்.

#8 குடுவைக்காரன்

நம் நாட்டு ஆய்வுதான். ராய்ப்பூரில் செய்து 2010இல் வெளியிட்டார்கள். ஆலிவ் ஏழரை, தேங்காய் 7, விளக்கெண்ணெய் 6க்குச் சற்றுக் கீழே, பாதாம் 5க்குச் சற்றுக் கீழே. கடுகு 2 சொச்சம். (தாழங்குடை ஐயா கோபிக்க வேண்டாம், நல்லெண்ணெய் 2க்கும் கீழே.) பொய்க் கணக்கு இல்லை. ஆனால் எண்ணெயை எதில் கரைத்து அளந்தார்கள் என்று படித்தால் விஷயம் புரியும்.

40 பங்கு ஆல்கஹாலும் 60 பங்கு தண்ணீரும் கலந்த திரவத்தில் எண்ணெயை மிகக் கொஞ்சமாகச் சேர்த்து, கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, 290 முதல் 320 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி எவ்வளவு குறைகிறது என்று கருவியில் பார்த்தார்கள். வந்த எண்களை மன்சூர் சமன்பாட்டில் போட்டார்கள். பிரேசிலில் 1986இல் உண்டாக்கிய சூத்திரம் அது. 8 சதவீதம் ஹோமோசலேட் (ஒரு சன்ஸ்கிரீன் பொருள்) உள்ள சாதாரண லோஷனுக்கு எஸ்பிஎஃப் 4 என்று வரும்படி, கடைசியில் 10ஆல் பெருக்குவார்கள். அதாவது சன்ஸ்கிரீனை அளக்கச் செய்த அளவுகோல். அதை எண்ணெயை அளக்க எடுத்தார்கள்.

இப்போது சமையலறை அறிவுக்கு வாருங்கள். எண்ணெய் தண்ணீரில் கரையுமா? ஆல்கஹால் பாதி கலந்த தண்ணீரிலும் கரையாது. குலுக்கினால் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கி நிற்கும். கலங்கிய நீரில் ஒளி சிதறும். சிதறிய ஒளி கருவியின் மறுபக்கம் வந்து சேராது. "இந்தப் பொருள் ஒளியை உறிஞ்சிவிட்டது" என்று கருவி எழுதிக்கொள்ளும். தோலில் அதே எண்ணெய் கலங்கலாக இருக்காது, கண்ணாடி போலத் தெளிவாகப் படியும்.

எண்ணெயின் உடம்பு முழுக்க ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு. அது உறிஞ்சுவது 240 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியைத்தான். அந்த ஒளி பூமிக்கே வருவதில்லை, ஓசோன் தடுத்துவிடுகிறது. நம்மைத் தொடும் புற ஊதா ஒளி இரண்டு வகை: சுடும் யூவிபி 290 முதல் 320 வரை, யூவிஏ 320 முதல் 400 வரை. அந்த இடத்தில் வெறும் எண்ணெய் ஏறக்குறைய ஜன்னல்.

#9 வெயில்வாசி

ஜன்னல்! என் முன்கை அதற்கு சாட்சி.

#10 தாழங்குடை

கருவிக்குத் தெரிந்தது அனுபவத்துக்குத் தெரியாது என்பீர்களா? ஆயிரம் வருஷமாகப் பூசினார்களே, காரணமில்லாமலா?

#11 கடுக்காய்

ஐயா, சித்த மருத்துவம் படிக்கிறேன், கடைசி வருஷம். மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் அன்றைக்கு என்னென்ன கூடாது என்று உங்கள் வீட்டில் சொல்வார்கள்? பகலில் தூங்காதே, வெயிலில் அலையாதே. எங்கள் வீட்டில் பாட்டி கதவருகில் உட்கார்ந்து காவல் காப்பார். எண்ணெய்க் குளியல் சூட்டைத் தணிக்க, உலர்ந்த தோலை இளக்க, தூக்கம் வர. வெயிலைத் தடுக்கத்தான் எண்ணெய் என்றால் எண்ணெய் தேய்த்த நாளில் வெயிலுக்கு ஏன் தடை போட்டார்கள்?

வெயிலுக்கு அவர்கள் வைத்திருந்தது தலைப்பாகை, தோள் துண்டு, முக்காடு, நீங்கள் பெயராக வைத்திருக்கும் தாழங்குடை. விடியும் முன் வயலில் இறங்கி, உச்சிப்பொழுதில் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள்.

#12 தாழங்குடை

வெயிலில் அலையாதே என்று என் அம்மாவும் சொல்வார், உண்மைதான். பெயரை வைத்தே என்னை மடக்கிவிட்டாயே அம்மா. சரி, மேலே சொல்லுங்கள், கேட்கிறேன்.

#13 குடுவைக்காரன்

கடுக்காய் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சொரியாசிஸுக்குப் புற ஊதா விளக்குச் சிகிச்சை கொடுக்கும்போது, சில மருத்துவர்கள் செதில் படர்ந்த இடத்தில் முதலில் மெல்லிய எண்ணெய் தடவச் சொல்வார்கள். உலர்ந்த செதில் ஒளியைச் சிதறடிக்கும். எண்ணெய் பட்டால் அது கண்ணாடிக் காகிதம் போலத் தெளிந்து, கதிர் நன்றாக உள்ளே இறங்கும். எண்ணெய் பட்ட பஜ்ஜிக் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தால் பின்னால் விளக்கு தெரியுமே, அதே வேலை. ஆக, எண்ணெய் பூசுவது கதிருக்கு வழிவிடவும் செய்யும்.

#14 மங்குமுகம்

இரண்டு கன்னத்திலும் மங்கு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்தது. "எஸ்பிஎஃப் வெள்ளைக்காரத் தோலுக்கு" என்று மேலே படித்தபோது கோபம் வந்தது. நமக்கு மெலனின் உண்டு, சீக்கிரம் சிவக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருமை திட்டுத் திட்டாகப் படிவது நம் நிறத்தவர்களுக்குத்தான் அதிகம்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். சன்ஸ்கிரீன் வறட்சியாக இருக்கிறது என்று உள்ளங்கையில் நாலு சொட்டு பாதாம் எண்ணெய் விட்டு அதோடு குழைத்துப் பூசினேன், ஆறு மாதம். மங்கு கூடியது. தோல் மருத்துவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இப்போது நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன், மேலே எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதற்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிற க்ரீம்தான் உதவும் என்றார்.

#15 குடுவைக்காரன்

உங்கள் மருத்துவர் சொன்னது சரி. சன்ஸ்கிரீன் தோலில் ஒரே சீரான படலமாகக் காய வேண்டும். எண்ணெய் குழைத்தால் அந்தப் படலம் ஓட்டைச் சல்லடையாகிவிடும். எண்ணெய் பிடித்தவர்கள் இரவில் பூசுங்கள்.

#16 கொங்குச்சோப்பு

என் புங்கன் எண்ணெயை மறந்துவிட்டீர்கள் அண்ணா. 5 லிட்டர்!

#17 குடுவைக்காரன்

மறக்கவில்லை, ருசியான துண்டைக் கடைசிக்கு வைத்தேன். பட்டியலில் உள்ளதிலேயே உண்மையான சரக்கு உள்ளது புங்கன்தான்.

புங்கங்கொட்டை எண்ணெயில் கரஞ்சின், பொங்கமோல் என்று இரண்டு பொருள்கள் உண்டு. (பொங்கமோல் என்ற பெயருக்குள்ளேயே நம் புங்கம் உட்கார்ந்திருக்கிறது.) பொங்கமோல் 350 நானோமீட்டரை ஒட்டி ஒளியை நன்றாக உறிஞ்சும். அது யூவிஏவின் நடு வயிறு. உலகம் முழுக்க சன்ஸ்கிரீன்களில் யூவிஏவுக்குப் போடும் அவோபென்சோன் 357இல் உறிஞ்சுகிறது. இரண்டின் வேதி அமைப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இரண்டு முனையிலும் வளையம், நடுவில் இரண்டு கீட்டோன். பங்காளிகள்! ஒன்று தொழிற்சாலையில் பிறந்தது, ஒன்று நம் ரோட்டோர மரத்தில்.

ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறதே. எண்ணெயில் பொங்கமோல் சுமார் 1 சதவீதம் என்று வைப்போம். முகத்துக்கு, சோதனைக் கணக்குப்படி, 1.2 கிராம் பூச வேண்டும். சுத்தமான புங்கன் எண்ணெயையே அவ்வளவு பூசினால் 12 மில்லிகிராம் பொங்கமோல் கிடைக்கும். 3 சதவீதம் அவோபென்சோன் உள்ள க்ரீமில் 36 மில்லிகிராம். மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனால் சுத்தமான புங்கன் எண்ணெயை முகத்தில் 1.2 கிராம் பூசிக்கொண்டு யார் வெளியே போவார்கள்? அந்த வாடைக்கு வீட்டு நாய்கூடப் பக்கத்தில் வராது. க்ரீமில் 5 சதவீதம் சேர்த்தால் பொங்கமோல் 0.05 சதவீதம். ரசத்தில் கரைந்த பெருங்காயம்.

இதே வழியில் தவிட்டெண்ணெயில் உள்ள ஒரைசனால் 320 பக்கம் கொஞ்சம் உறிஞ்சும். சுத்திகரிப்பில் அதிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. இந்தப் பொருள்களைப் பிரித்து எடுத்துச் செறிவாக்கிப் போட்டால் அது வேறு கதை, ஆனால் அப்போது அது நீங்கள் கேட்ட "கெமிக்கல் இல்லாத" எண்ணெயாக இருக்காது.

#18 வெயில்வாசி

நான் தினமும் மதியம் ஒரு மணிக்குப் புங்கமரத்தடியில்தான் வண்டியை நிறுத்துகிறேன். பங்குனி, சித்திரையில் புதுத்தளிர் விட்டு நிற்கும். கொட்டையைவிட அந்த நிழலுக்கு எஸ்பிஎஃப் ஜாஸ்தி.

#19 கடுக்காய்

புங்கன் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. விதை எண்ணெய்களில் தலைகீழாக வேலை செய்வதும் ஒன்று இருக்கிறது: கார்போகரிசி. நலங்கு மாவில் போடுவோமே, அதே கறுப்பு விதை. அதன் எண்ணெயை வெண்புள்ளிக்குத் தடவி இளவெயிலில் காட்டச் சொல்வது பழைய மருத்துவம். அதில் உள்ள சோராலென் யூவிஏ கதிரோடு சேர்ந்து தோலைத் தூண்டும். 1970களில் நவீன மருத்துவத்தில் வந்த பூவா (PUVA) சிகிச்சையும் இதே சோராலென் குடும்பம், இதே யூவிஏ.

எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். "முகம் பொலிவாக" என்று இணையத்தில் வாங்கிய கார்போகரிசி எண்ணெயைப் பூசிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றிருக்கிறாள். அடுத்த நாள் கழுத்தெல்லாம் கொப்புளம். கொப்புளம் ஆறிய இடத்தில் இன்னும் கருமை போகவில்லை. "மூலிகைதானே" என்று நம் ஆட்கள் சும்மா பூசிவிடுகிறார்கள். குளியல் பொடியில் சிட்டிகை போட்டுக் கழுவிவிடுவது வேறு, எண்ணெயாகப் பூசி வெளியே போவது வேறு. எலுமிச்சைத் தோல் எண்ணெயும் அப்படித்தான். உங்கள் தைலத்தில் வாசனைக்குக்கூட விடாதீர்கள் அக்கா.

#20 கொங்குச்சோப்பு

ஐயோ, எலுமிச்சை எண்ணெய் சேர்க்கத்தான் எடுத்து வைத்திருந்தேன். நல்லவேளை.

சரி, கடைசிக் கேள்வி. ஜிங்க் ஆக்சைடு பொடி வாங்கித் தேங்காய் எண்ணெயில் 20 சதவீதம் கலக்கினால்? அதுதான் உண்மையான சன்ஸ்கிரீன் பொருள் என்கிறார்களே.

#21 குடுவைக்காரன்

பொருள் உண்மைதான். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019இல் மறுபரிசீலனை செய்தபோது, 16 சன்ஸ்கிரீன் பொருள்களில் சந்தேகமில்லாமல் சரி என்று முன்மொழிந்தது இரண்டைத்தான்: ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு. அந்த 16இல் ஒரு விதை எண்ணெய்கூட இல்லை.

ஆனால் மாவைத் தோசைக்கரண்டியால் கலக்குவது போல இதைக் கலக்க முடியாது. ஜிங்க் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டும். கட்டி இருக்கும் இடத்தில் வெள்ளைப் புள்ளி, இல்லாத இடத்தில் வெறும் எண்ணெய். கண்ணுக்குச் சமமாகத் தெரியும், கதிருக்குத் தெரியாது. கம்பெனிகளில் இதற்கென்று அரைக்கும் இயந்திரம் உண்டு. அப்படி அரைத்த பிறகும் சோதித்துப் பார்க்காமல் எண் போடுவதில்லை. பொடி பறந்து மூச்சில் போவதும் நல்லதல்ல. இணையத்தில் உலவும் வீட்டு சன்ஸ்கிரீன் குறிப்புகளை அமெரிக்காவில் 2019இல் ஆராய்ந்தபோது, பின்டரெஸ்ட் என்ற படப் பகிர்வுத் தளத்தில் இருந்தவற்றில் சுமார் 68 சதவீதம் போதிய பாதுகாப்பு இல்லாத கலவைகள்.

இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும். இந்தியாவில் சன்ஸ்கிரீன் அழகுப் பொருள் சட்டத்தில் வருகிறது. 2020 அழகுப் பொருள் விதிகளின்படி விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும். "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொன்ன சப்ளையர் உங்களுக்காகப் பதில் சொல்ல வர மாட்டார்.

#22 கொங்குச்சோப்பு

உரிமத்துக்கு விண்ணப்பம் எழுதி வைத்து ஒரு வருஷமாகிறது, அனுப்பாமல் இருக்கிறேன். அதையும் கிளறிவிட்டீர்கள். இந்த வாரமே அனுப்புகிறேன்.

முடிவு செய்துவிட்டேன். சன்ஸ்கிரீன் செய்யப் போவதில்லை. கேட்கிறவர்களிடம் "கடையில் ஐஎஸ்ஓ சோதனை செய்த எஸ்பிஎஃப் 30க்கு மேல் வாங்குங்க, மறக்காம குடையும் எடுத்துக்குங்க" என்று சொல்லிவிடுகிறேன். விளக்கெண்ணெயும் தவிட்டெண்ணெயும் சேர்த்து இரவுத் தைலம் ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன், உரிமம் வந்த பிறகு. லேபிளில் சூரியன் படம் கிடையாது, நிலாப் படம்!

ஆனால் அந்த 5 லிட்டர்?

#23 தாழங்குடை

அதற்குப் பதில் நான் சொல்கிறேன் அம்மா, இதற்குக் கருவி வேண்டாம். வேப்பெண்ணெயும் புங்கன் எண்ணெயும் சம அளவு எடுத்து, காதி சோப்புக் கரைசலில் நன்றாக நுரைக்க அடித்து, செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் சாயங்காலம் தெளியுங்கள். ஒரு தெளிப்பான் டேங்குக்கு 30 மில்லி போதும். மிச்சத்தைத் துணி சோப்பில் போட்டுக் காய்ச்சுங்கள். வாடைக்கு லெமன்கிராஸ் தைலம் கொஞ்சம். துணிக்குத்தானே, அதனால் கடுக்காய் திட்ட மாட்டாள்.

#24 கடுக்காய்

திட்ட மாட்டேன் தாத்தா. எனக்கும் ஒரு கட்டி அனுப்பச் சொல்லுங்கள்.